வாப்பா கை காட்டிய உயரம்

எங்கள் பழைய அடுப்படியில் தலை இடிக்காமல் நடமாட முடிந்தது உம்மா ஒருத்தியால்தான். வீட்டின் பின்பக்கச் சுவரை ஒட்டி, பனங்கைகள் போட்டு ஓலை வேய்ந்த சின்ன அறை அது. எதிர்வீட்டில் இருந்த மாமி உள்ளே வரும்போது குனிவாள். தண்ணீர் கொண்டுவரும் பெண் குடத்தை வெளியிலேயே இறக்கிவிட்டுத்தான் வருவாள். உம்மா மட்டும் நிமிர்ந்து போய் நிமிர்ந்து வருவாள். அவ்வளவு குட்டை. பெருநாளைக்குப் பெண்கள் கூடுகிற இடத்தில் உம்மாவைத் தேட வேண்டுமென்றால் நான் முகங்களைப் பார்க்க மாட்டேன், தோள்களுக்கு நடுவே பார்ப்பேன்.

அந்த அடுப்பும் உம்மா கையால் பிடித்த மண் அடுப்புதான். அதன் முன்னால் மணையைப் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கவே வேண்டாம். வலப்பக்கம் உப்புச் சிரட்டை, அதற்குப் பின்னால் புளிப்பானை, இடப்பக்கம் எரிக்கிறதற்குச் சில்லாட்டையும் பனைமட்டையும். கையை நீட்டினால் எல்லாம் எட்டும். புகை மட்டும் எங்கேயும் போகாது. கூரைக்குள் சுற்றிக்கொண்டு இருந்துவிட்டு, கடைசியில் உம்மாவின் கண்ணுக்குள் போகும். உம்மாவின் கண்கள் எப்போதும் அழுது முடித்ததுபோல இருக்கும். சிறு பிள்ளையில் எனக்கு அதுதான் உம்மாவின் கண் நிறம் என்று எண்ணம்.

வாப்பா கொழும்பில் இருந்தார். எங்கள் ஊரில் அது ஒரு புதினமே இல்லை. பாதி வீட்டு ஆண்கள் கடல் கடந்து சபரில்தான் இருந்தார்கள். தனுஷ்கோடியில் கப்பலேறிப் போவார்கள், ஒரு வருடம் இரண்டு வருடம் கழித்து வருவார்கள், பெருநாள் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போவார்கள். வாப்பா வரும்போதெல்லாம் ஒரு மரப்பெட்டி வரும். தேக்கில் செய்து மூலைக்குத் தகரம் அடித்த பெட்டி. கொண்டுவந்த சாமான்களை எடுத்துக் கொடுத்த பிறகும் அந்தப் பெட்டி கூடத்து மூலையில் பாதி நிறைந்தே இருக்கும். வாப்பாவின் சட்டைகள் அதற்குள்ளேதான் மடித்திருக்கும். கொடியில் ஒன்றும் தொங்காது. நாளைக்கே கிளம்பச் சொன்னாலும் கிளம்பலாம் என்பதுபோல.

எனக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ இருக்கும்போது வாப்பா வந்தார். அந்தத் தடவை வந்த அன்றே அடுப்படிக்குள் வந்தார், வழக்கம்போல பனங்கையில் நெற்றியை இடித்துக்கொண்டார். வழக்கம்போல உம்மா சீலைத் தலைப்பைச் சுருட்டி ஊதி ஒற்றிவிட்டாள். ஆனால் வழக்கத்துக்கு மாறாக வாப்பா வெளியே போகவில்லை. அங்கேயே நின்று சுற்றிலும் பார்த்தார்.

“இந்தப் புகைக்குள்ளயா இத்தனை வருசமும் கெடந்தே?” என்றார்.

உம்மா அடுப்பை ஊதினாள்.

“அங்கயெல்லாம் நின்னுக்கிட்டே ஆக்குறாக. மேடை மேல அடுப்பு. புகை கூண்டு வழியா மேல போயிரும். சீலையில ஒரு பொட்டுக் கரி ஒட்டாது. உனக்கும் அப்படி ஒண்ணு கட்டிருவோம்.”

மாமி வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமி வாப்பாவின் கூடப்பிறந்த அக்கா, வாப்பாவை அதட்டக்கூடிய ஒரே ஆள். “ஏன் தம்பி, இத்தனை வருசமாத் தெரியாத புகை இப்பத்தான் உன் கண்ணுக்குத் தெரியுதாக்கும்?” என்றாள். வாப்பா சிரித்தார். மாமியும் சிரித்தாள். உம்மா அன்றைக்கு ஊதிய ஊதலில் அடுப்பு மிக நன்றாக எரிந்தது.

மறுநாள் வாப்பா பெட்டியைக் காலி செய்தார். சட்டைகள் கொடிக்கு வந்தன. பெட்டியை உம்மா முற்றத்தில் வெயில்பட வைத்துத் துடைத்து, சாய்வாகத் திறந்து வைத்தாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதற்குள் வெங்காயம் கிடந்தது. மாமி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு உம்மாவின் காதருகே போய், ஆனால் எனக்கும் கேட்கிற மாதிரி, “பெட்டிக்குள்ள வெங்காயத்தைப் போட்டுட்டியா? கெட்டிக்காரிதான். இனி எங்க போவான்? அடுப்படியைக் கட்டி வச்சிட்டு யாராவது கப்பலேறுவாகளா?” என்றாள்.

உம்மா அன்று சாயங்காலம் காதுக்கு அலுக்கத்து எடுத்துப் போட்டுக்கொண்டாள். கலியாண வீடுகளுக்குப் போடுகிற காதணி அது. சும்மா ஒரு சாதாரண நாளில், கருவாடு வறுத்த நாளில், உம்மா அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. நானும் என் பங்குக்கு ஓதுகிற பள்ளியில் எல்லாப் பிள்ளைகளிடமும் சொன்னேன், எங்க வாப்பா இனிமே போக மாட்டாக, எங்களுக்கு அடுப்படி கட்டுறாக என்று. எனக்குப் பேச்சே வராது என்று உஸ்தாது சொல்வார். அதை மட்டும் எப்படியோ எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

கொத்தனார் திருப்புல்லாணிப் பக்கத்திலிருந்து வந்தார். நரைத்த மீசை, காதில் ஒரு பென்சில், பேசுகிற பேச்செல்லாம் பாதி கேலி. வேலை தொடங்குவதற்கு முன் முற்றத்தின் குறுக்கே பனையோலைத் தட்டி ஒன்று கட்டினார்கள். தட்டிக்கு அந்தப்பக்கம் கொத்தனாரும் வாப்பாவும் கல்லும் சுண்ணாம்பும். இந்தப்பக்கம் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டிய உம்மாவும், பேச்சுத் துணைக்கு மாமியும். எங்கள் வீடுகளில் அப்படித்தான். வேலைக்கு வந்த ஆண்கள் பெண்களைப் பார்க்க மாட்டார்கள், பெண்கள் குரல் கூட அந்தப்பக்கம் போகாது, மாமி குரலைத் தவிர. அத்தனை நாள் வேலை செய்தும் கொத்தனார் உம்மாவின் கால்விரலைக்கூடப் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் போய்வரச் சலுகை இருந்தது எனக்கு மட்டும்தான்.

அந்த வேலைக்கு என்னை விட மோசமான ஆள் ஊரில் கிடைத்திருக்க மாட்டாள். உம்மா, “இஞ்சித் தண்ணி வேணுமான்னு கேட்டுட்டு வா” என்று அனுப்புவாள். நான் போய்க் கொத்தனார் முன்னால் நிற்பேன். வாயைத் திறப்பேன், காற்றுத்தான் வரும். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து காதைக் காட்டுவார்.

“சத்தமாச் சொல்லு தாயி. ஒங்க ஊருல சுண்ணாம்பு கூட ஒன்னையவிடச் சத்தமாக் கொதிக்குதே.”

அந்தச் சுண்ணாம்பில் கருப்பட்டியை ஊறவைத்த தண்ணீரை விட்டு அரைத்தார்கள். அப்படி அரைத்துப் பூசினால் சுவர் கல்லாக நிற்குமாம். ஊறவைக்க எடுத்துவைத்த கருப்பட்டியில் நான் போகும்போது ஒரு துண்டு, வரும்போது ஒரு துண்டு எடுத்தேன். மாமி என் வாயைப் பிடித்து மோந்து பார்த்துவிட்டு, “செவுத்துக்குப் போக வேண்டியதெல்லாம் இவ வயித்துக்குள்ள போகுது. இவ நிப்பா கல்லு மாதிரி, செவுருதான் சாயப்போகுது” என்றாள். தட்டிக்கு அந்தப்பக்கம் கொத்தனார் சிரிப்பது கேட்டது. உம்மா சீலையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். அந்த நாட்களில் உம்மா அடிக்கடி அப்படிச் சிரித்தாள். மீன் அலசும்போது ஏதோ ஒரு பைத்துப் பாட்டை ராகமாக முனகிக்கொண்டே இருப்பாள். வாப்பாவும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கல் எடுத்துக் கொடுப்பார். அவர் தோளெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்பு. என் வாழ்க்கையில் உம்மாவும் வாப்பாவும் ஒரே வேலையை ஆளுக்கொரு பக்கம் நின்று செய்தது அந்த ஒரு தடவைதான்.

சுவர் எழும்பி, புகைக்கூண்டுக்கு இடம் விட்டு, மேடைக்குக் கல் அடுக்குகிற நாள் வந்தது. நான் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தேன்.

“மொதலாளி, மேடை எம்புட்டு ஒசரம் வைக்கட்டும்?” என்றார் கொத்தனார். “ஆக்குறவுக இடுப்புக்குக் கொஞ்சம் கீழ நிக்கணும். ஏறிப்போனா தோள் வலிக்கும், எறங்கிப்போனா முதுகு வலிக்கும். அவுக ஒசரம் தெரியாம நான் எப்படிக் கல்லு வைக்க?” பிறகு என் பக்கம் திரும்பி, “தாயி, ஒங்க அம்மா எம்புட்டு ஒசரம் இருப்பாக? கையக் காட்டு” என்றார்.

நான் செம்பை முகத்துக்கு நேரே தூக்கி மறைந்துகொண்டேன்.

“பச்சைப்புள்ளைக்கு என்ன தெரியும்? நான் காட்டுறேன்” என்று வாப்பா எழுந்தார்.

மேடை வரப்போகிற இடத்துக்கு எதிரே வந்து நின்றார். எதிரில் ஒருவரும் இல்லை, வெறும் சுவர்தான். அந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வலது கையை உள்ளங்கை கீழே பார்க்க நீட்டினார். கொஞ்சம் இறக்கினார். இல்லை என்பதுபோலக் கொஞ்சம் ஏற்றினார். நிறுத்தினார்.

“மேடை இங்கன நிக்கணும்” என்றார்.

கொத்தனார் ஒரு கம்பைத் தரையில் ஊன்றி, கை இருந்த இடத்தில் அரிவாளால் ஒரு வெட்டுப் போட்டார். வெட்டுப் போட்ட பிறகும் வாப்பாவின் கை அங்கேயே இருந்தது.

“கைய எடுக்கலாம் மொதலாளி. அளவு எடுத்தாச்சு.”

வாப்பா சிரித்துக்கொண்டே கையை இறக்கினார். கொத்தனார் அடுத்த கேள்விக்குப் போனார். “உப்பு மாடம் எந்தப் பக்கம்?”

“எடப்பக்கம்.”

“எடப்பக்கமா? எல்லா வீட்டுலயும் வலப்பக்கம்தானே வைப்பம்.”

“எடப்பக்கமே வையி. அதான் கைக்கு லேசு.”

நான் தட்டிக்கு இந்தப்பக்கம் வந்து எல்லாவற்றையும் உம்மாவிடம் ஒப்பித்தேன். மாமி அப்போது இல்லை. உம்மா நகரை மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். கூண்டு எங்கே, விறகு வைக்கிற குழி எங்கே என்று நான் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டே வந்தவள், உப்பு மாடத்துக்கு வந்ததும் கையை நிறுத்தினாள்.

“எடப்பக்கமா? சரியாக் கேட்டியா?”

“ஆமா உம்மா.”

“திரும்பப் போயிக் கேட்டுட்டு வா.”

போனேன். வாப்பா கல்லுக்குக் கல் சுண்ணாம்பு வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எடப்பக்கம்தான்னு சொல்லு. பழகிட்டா ஒண்ணும் தெரியாது” என்றார். அதை அப்படியே வந்து சொன்னேன். உம்மா மீனைத் தண்ணீரில் அலசினாள். ஒரு தடவை அலசியதை மறுபடியும் அலசினாள். முனகல் நின்றுபோயிருந்தது.

அன்று மஃரிபு தொழுதுவிட்டு வந்து வாப்பா சாப்பிட உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உம்மா சோற்றில் மீன் ஆணத்தை ஊற்றிவிட்டு, தலையைக் குனிந்தபடியே, சோறு போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

“அங்க ஆக்கித் தாறவுகளுக்கு எடக்கையா?”

வாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

“கடையில ஒரு சமையக்காரன் இருக்கான்” என்றார் பிறகு. “ஆமா. அவனுக்கு எடக்கைதான்.”

உம்மா, “ம்” என்றாள். இன்னொரு துண்டு மீனை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

எனக்கு அந்தச் சமையல்காரரை மிகவும் பிடித்துவிட்டது. கொழும்புக் கடையின் பின்கட்டில், பெரிய மீசையோடு, நெட்டையாக, இடக்கையில் அகப்பையைப் பிடித்துக் கிண்டிக்கொண்டு நிற்பவராக அவரை நினைத்து வைத்துக்கொண்டேன். மறுநாள் சிரட்டையில் மண்சோறு ஆக்கும்போது நானும் இடக்கையால் கிண்டினேன். மாமி பார்த்துவிட்டு என் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். “எடக்கையால ஆக்குற சோத்துல பரக்கத்து இருக்குமாடி? யாரு படிச்சுக் குடுத்தா?” என்றாள். “கொழும்புல வாப்பாவுக்கு ஆக்குறவுக அப்படித்தான் ஆக்குறாக” என்றேன். மாமி உடனே உம்மாவைப் பார்த்தாள். உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மாமிக்கு அதற்கு ஒரு கேலியும் வாய்க்கு வரவில்லை. அது எனக்கு அதிசயமாக இருந்தது. மாமிக்குக் கேலி வராத விஷயமே ஊரில் கிடையாது.

அடுப்படி முடிந்தது. ஓடு போட்ட உயரமான கூரை. மேடைக்கு மேலே சிமெண்டுப் பால் பூசி வழுவழுவென்று தேய்த்திருந்தார்கள். சுவரெல்லாம் வெள்ளை. கரி படாத அடுப்படியை நான் அதுவரை பார்த்ததில்லை, அது அடுப்படி மாதிரியே இல்லை, ஓதுகிற தைக்காவைப் போல இருந்தது. தட்டியைப் பிரித்தார்கள். கூலி வாங்க வந்த கொத்தனார் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார். உள்ளே பாத்திஹா ஓதி, பால் காய்ச்ச உம்மாவைக் கூப்பிட்டார்கள்.

உம்மா புதுச் சீலை உடுத்தி, பால் சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். மேடை முன்னால் போய் நின்றாள். மேடையின் விளிம்பு அவள் நெஞ்சுக்கு வந்தது. சட்டியைத் தூக்கி அடுப்பின் மேல் வைக்க இரண்டு கையையும் தலைக்கு மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது. வைத்துவிட்டாள். பால் பொங்குகிறதா என்று பார்க்க முடியவில்லை. சட்டியின் அடிக்கரிதான் தெரிந்தது.

“ஏ புள்ள, சட்டிக்குள்ள எட்டிப் பாக்க ஏணி வேணும்போலயே” என்று மாமி சிரிக்கத் தொடங்கினாள். தொடங்கியவள் வாப்பாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

வாப்பா மேடையைப் பார்த்தார். உம்மாவைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். அந்தக் கை வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார். அவர் முகம் சுவரைவிட வெள்ளையாகப் போயிற்று. அடுத்த நிமிடம் வாசலைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“என்ன கொத்தனாரே, இப்படிக் கட்டி வச்சிருக்கீரு? ஆள் ஒசரம் பாக்க வேணாமா?”

வாப்பா அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கொத்தனாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் தன் சாமான்களுக்குள் தேடி அந்தக் கம்பை எடுத்தார். உள்ளே வரக்கூடாது என்பதால் என்னைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். “தாயி, இதக் கொண்டுபோயி மேடையோட வச்சுப் பாரு. வெட்டு எங்கன நிக்குதோ அங்கனதான் மேடை நிக்கும். மொதலாளி கை வச்ச எடம்.”

நான் கம்பை மேடையோடு ஊன்றினேன். வெட்டும் விளிம்பும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக நின்றன. கொத்தனாருக்காக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அப்போது உம்மா பேசினாள். வெளியாள் காதில் விழும்படி அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“கொத்தனாரச் சொல்லாதீக. அவரு சரியாத்தான் கட்டிருக்காரு.”

வாசலுக்கு வெளியே கொத்தனார் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “தாயி, அம்மாக்கிட்டச் சொல்லு. ரெண்டு வரிசை கல்லை எடுத்துட்டாத் தணிஞ்சிரும். அரை நாள் வேலை. கூலி வேணாம்” என்றார்.

நான் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. உம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “வேணாம். இருக்கட்டும்” என்றாள்.

முற்றத்துக்குப் போனாள். பெட்டியிலிருந்த வெங்காயத்தையெல்லாம் ஒரு சாக்கில் கொட்டினாள். பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். வாப்பா பிடிக்கப் போனார், விடவில்லை. மேடைக்கு முன்னால் அதைக் கவிழ்த்துப் போட்டு, சீலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு மேலே ஏறி நின்றாள். இப்போது மேடை சரியாக இருந்தது. பால் பொங்கியது. உம்மா உப்பு மாடத்தைப் பார்த்தாள், அது இடப்பக்கம் இருந்தது. பாலுக்கு உப்பு வேண்டியதில்லை. ஆனாலும் இடக்கையை நீட்டி, மாடத்துக்குள் விட்டு, எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

வாப்பா அதற்குப் பிறகு நெடுநாள் இருக்கவில்லை. கடையிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்றார். கொடியிலிருந்த சட்டைகளை எடுத்து மடித்தார். மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார். அந்த வாசலில் அவர் குனிய வேண்டியதில்லை.

“பெட்டி…” என்றார்.

உம்மா பெட்டி மேல் நின்று ஆணத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அப்படி நின்றபோது அவளும் வாப்பாவும் முகத்துக்கு முகம் நேராக இருந்தார்கள். அதற்கு முன் அவர்களை நான் அப்படிப் பார்த்ததில்லை. எப்போதும் ஒருவர் குனிய, ஒருவர் அண்ணாந்து பார்ப்பார்கள்.

“இது இல்லாட்டி எனக்கு எட்டாது” என்றாள் உம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் விறகு இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

வாப்பா மாமியிடம் ஒரு தோல்பையை இரவல் வாங்கிக்கொண்டு கொழும்புக்குப் போனார். தெரு முனை வரைக்கும் நான் கூடப் போனேன். அடுப்படியைக் கட்டி வைத்துவிட்டு யாராவது கப்பலேறுவாகளா என்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன். வழக்கம்போல வாயைத் திறந்தேன், வழக்கம்போலக் காற்றுத்தான் வந்தது. அவர் என் தலையைத் தடவிவிட்டு, “உம்மா கண்ணு இனி எரியாது, பாரு” என்றார்.

எரியவில்லை என்பது உண்மைதான். கூண்டு நன்றாக இழுத்தது. புகை ஓட்டுக்கு மேலே போய், தெற்கே கடல் பக்கமாகத் திரும்பும். உம்மாவின் கண்கள் மெல்ல மெல்ல வெளுத்தன. ஒரு நாள் பார்த்தால் எல்லார் கண்ணையும்போல ஆகிவிட்டன. கொஞ்ச நாளைக்கு அது வேறு யார் முகமோ மாதிரி இருந்தது.

வாப்பா அதற்குப் பிறகும் வந்தார். இடைவெளி நீண்டுகொண்டே போனது. வரும்போது துணிப்பையோடு வந்தார், பெட்டி எதுவும் கொண்டுவரவில்லை. அடுப்படிக்குள் வர மாட்டார். கூடத்தில் உட்கார்ந்தபடியே தண்ணீர் கேட்பார். உம்மா பெட்டியிலிருந்து இறங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். பிறகு அந்தப் புயல் வந்தது. தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டு போனது. எங்கள் அடுப்படிச் சுவரில் ஒரு கீறல் விழவில்லை, கருப்பட்டி போட்டு அரைத்த சுண்ணாம்பு. கப்பல் மட்டும் நின்றுபோயிற்று. வாப்பா இனி எந்த வழியாக வருவார் என்று நான் கேட்டேன். மண்டபத்திலிருந்து வேறு கப்பல் விடுவார்கள் என்று மாமி சொன்னாள். உம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள், கேட்காததுபோல.

எனக்குக் கலியாணமாகி, பல வருடம் கழித்து எங்கள் வீட்டிலும் ஒரு மேடை கட்டினோம். கொத்தனார் உயரம் கேட்டபோது என் வீட்டுக்காரர் வேறு யாரிடமோ பேசிக்கொண்டு இருந்தார். பேச்சை நிறுத்தாமல், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கையை மட்டும் நீட்டிக் காட்டினார். மேடை கட்டி முடித்தபோது எனக்கு அளவெடுத்ததுபோல இருந்தது. ஒரு ஆளின் கை, பழகின உயரத்தில்தான் போய் நிற்கும். கொழும்புக் கடையின் பின்கட்டில் அத்தனை வருடமாக நின்றுகொண்டிருந்த அந்தச் சமையல்காரருக்கு அன்றைக்குத்தான் மீசை உதிர்ந்தது.

ஆனால் நான் சொல்ல நினைத்தது அதையல்ல. அதற்கு முன்னால், புயலுக்கு அடுத்த வருடம் நடந்தது. நான் அப்போது வளர்ந்துவிட்டிருந்தேன். உடம்பு உம்மாவைப்போல இல்லை, வாப்பாவின் நெட்டை எனக்கு வந்திருந்தது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள், வீட்டோடு இருந்தேன். ஆனாலும் மேடையில் உம்மா என்னை ஆக்க விடுவதில்லை. அரைப்பது, அறுப்பது எல்லாம் கீழேதான். ஒரு நாள் உம்மாவுக்குக் காய்ச்சல். படுக்கையை விட்டு எழ முடியவில்லை. நானே உலை வைக்கப் போனேன்.

பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு மேடை முன்னால் நின்றேன். விளிம்பு என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. முதுகும் வலிக்கவில்லை, தோளும் வலிக்கவில்லை. வலக்கையால் அரிசியைக் களைந்து போட்டுக்கொண்டே, பார்க்காமல் இடக்கையை நீட்டினேன். உப்பு கையில் வந்தது. இவ்வளவு சௌகரியமான அடுப்படியை வைத்துக்கொண்டு உம்மா ஏன் இத்தனை வருடம் கஷ்டப்பட்டாள் என்று நினைத்தேன்.

திரும்பினால் வாசலில் உம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போது எழுந்து வந்தாளோ தெரியாது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தை அல்ல, என் காலிலிருந்து மேடை வரைக்கும், மேடையிலிருந்து தலை வரைக்கும்.

“அப்படியே நில்லு” என்றாள்.

வந்து என் தோளைப் பிடித்துச் சுவரோடு சாய்த்து நிறுத்தினாள். கையை உயர்த்தி, என் முடியை உச்சியில் அழுத்தினாள். கை சுட்டது, காய்ச்சல். அடுப்பின் ஓரத்தில் கிடந்த ஒரு கரித்துண்டை எடுத்து, எட்டியமட்டும் எக்கி, என் தலைக்கு மேலே சுவரில் ஒரு கோடு போட்டாள். அத்தனை வருடமாக ஒரு கரிப்பொட்டுப் படாமல் அவள் காத்து வைத்திருந்த வெள்ளைச் சுவர்.

நான் விலகி நின்றேன். உம்மா அந்தக் கோட்டுக்கு எதிரே போய் நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அண்ணாந்து அதைப் பார்த்தாள். கோடு அவள் தலைக்கு ஒரு சாணுக்கும் மேலே இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவள், தனக்கே தெரியாமல்போல, குதிகாலைக் கொஞ்சம் உயர்த்தினாள். அப்போதும் எட்டவில்லை.

“எம்புட்டு வளந்துட்டேன் பாத்தீகளா உம்மா?” என்றேன்.

உம்மா கண்ணை எடுக்காமல், “நல்ல ஒசரம்தான். நல்லா லெச்சணமாத்தான் இருக்கும்” என்றாள்.

உம்மா என்னை ஒரு நாளும் அப்படிப் புகழ்ந்தவள் இல்லை. எனக்கு வெட்கம் தாங்கவில்லை. உலை கொதிக்கிறதா என்று பார்ப்பதுபோல முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.